ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயரில் ஒரு சீமைப் பிரபு

ஊரிலிருந்து உறவினர் யாராவது மைசூருக்கு வந்துவிட்டால், ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காட்டாமல் திருப்பி அனுப்ப முடியாது. ரெயில் நிலையத்தில் இறங்கினால் கோட்டையும் கோவிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ரெயில் பாதையே கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. இரட்டைப் பாதை போடும் வேலைக்கு இடையூறாக இருந்த திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கை, இடிக்காமல் அப்படியே தூக்கி நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். அது 2017-ல் நடந்தது. ரெயில்வே குமாஸ்தாவான எனக்கு அதைச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம்.

சென்ற முறை வேலூரிலிருந்து என் மாமா வந்திருந்தார். ரங்கநாதரைச் சேவித்தோம். திப்பு விழுந்துகிடந்த இடத்தைப் பார்த்தோம். மேற்குப் பக்கம் கோட்டைச் சுவர் உடைந்த இடத்தருகே, முற்றுகைப் படையில் மடிந்தவர்களுக்காக 1907-ல் மைசூர் அரசு எழுப்பிய தூண் நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்தோம். தோற்றவன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறதே, ஜெயித்த படைக்குத் தலைமை தாங்கிய துரை யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று மாமா கேட்டார்.

வெல்லெஸ்லி என்று சிலர் சொல்லுவார்கள். பெயர்டு என்று சிலர் சொல்லுவார்கள். இருவருமே தலைமைத் தளபதி அல்லர். தலைமைத் தளபதியின் பெயர் ஜார்ஜ் ஹாரிஸ். அவருக்குக் கிடைத்ததில் ஒன்று பணம். இன்னொன்று ஒரு பட்டம். அந்தப் பட்டத்தில் நம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயர் இருக்கிறது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ஹாரிஸ் 1746-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி பிறந்தார். தந்தை இங்கிலாந்தில் கென்ட் என்ற பகுதியில், ஒரு சிற்றூர் மாதா கோவிலில் உதவிப் பாதிரியார். சொல்லிக்கொள்ளும்படி சொத்து எதுவும் கிடையாது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ராணுவ அதிகாரி பதவிக்கு விலை உண்டு. பணம் கட்டி வாங்கலாம். விலகும்போது வேறு ஒருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். கையில் பணம் இல்லாதவனுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும். பாதிரியாருக்கு ஒரு பிரபுக் குடும்பத்தின் தயவு இருந்தது. அதனால் பையன் பீரங்கிப் படைப் பயிற்சிக்குப் போனான். 1762-ல் 5-வது காலாட்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்து, 1771-ல் கேப்டன் ஆனார்.

அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பியபோது அவருடைய படை அங்கே அனுப்பப்பட்டது. 1775 ஜூன் 17-ந் தேதி பாஸ்டன் நகரத்தை ஒட்டிய பங்கர் குன்றில் நடந்த சண்டையில் ஹாரிசின் தலையில் குண்டு பாய்ந்தது. மண்டை ஓட்டைத் துளைத்து வைத்தியம் செய்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். ஆனாலும் பிழைத்துக்கொண்டார்.

அன்று அவர் கீழே விழுந்ததும் அவருடைய ஆட்களை நடத்திச் சென்ற இளம் அதிகாரி ராடன் பிரபு. அவர்தான் பிற்காலத்தில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயரில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1813 முதல் 1823 வரை இருந்தவர். பிரபு வீட்டுப் பிள்ளைக்கு அந்த உயரம் எளிதாக எட்டியது. பாதிரியார் மகன் நாற்பது வயதிலும் சம்பளத்தையே நம்பியிருந்தார்.

கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன. பதவியை விற்றுவிட்டு ராணுவத்தை விட்டே விலகிவிடலாம் என்று நினைத்தார். அந்தச் சமயத்தில் பழைய மேலதிகாரி மெடோஸ், பம்பாய்க்குக் கவர்னராகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் ஹாரிசைத் தன் காரியதரிசியாக அழைத்துக்கொண்டார். அப்படித்தான் 1788-ல் ஹாரிஸ் இந்தியாவுக்கு வந்தார்.

முதல் தடவை

மெடோஸ் 1790-ல் சென்னைக்குக் கவர்னர் ஆனார். திப்புவோடு மூன்றாம் மைசூர் யுத்தம் மூண்டது. கரூர், கோயமுத்தூர், திண்டுக்கல் என்று நம் கொங்குச் சீமை முழுவதும் படைகள் நடந்தன. ஹாரிசும் உடன் இருந்தார். அடுத்து கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தாமே தலைமை ஏற்று, பெங்களூரைப் பிடித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார்.

1792-ல் திப்பு சமாதானம் செய்துகொண்டார். பாதி ராஜ்யம் போயிற்று. சேலம், கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும், திண்டுக்கல்லும் கம்பெனியிடம் சேர்ந்தன. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். அது தீரும் வரை சுல்தானின் பிள்ளைகள் இருவர் பிணையாகச் சென்னைக்குப் போனார்கள். காரன்வாலிசுக்கு மார்க்விஸ் என்ற உயர்ந்த பட்டம் கிடைத்தது.

ஹாரிஸ் சீமைக்குத் திரும்பி, இரண்டு ஆண்டில் குடும்பத்தோடு மறுபடி இந்தியாவுக்கு வந்தார். சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதி ஆனார். 1798-ல் சில மாதங்கள் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தார்.

தயங்கிய தளபதி

அந்த ஆண்டில்தான் ரிச்சர்டு வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். திப்பு பிரெஞ்சுக்காரர்களின் உதவியைத் தேடுகிறார், உடனே படையெடுக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. சென்னைக் கஜானாவில் பணம் இல்லை, மாடு இல்லை, தானியம் இல்லை, அவசரப்பட வேண்டாம் என்பது ஹாரிசின் கருத்து. கவர்னர் ஜெனரல் கேட்கவில்லை. தலைமைப் பொறுப்பை ஏற்கவே ஹாரிஸ் தயங்கினார். அதையும் அவர் விடவில்லை.

1799 பிப்ரவரியில் சுமார் 20,000 பேர் கொண்ட சென்னைப் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. ஐதராபாத் நிஜாமின் படை வழியில் சேர்ந்துகொண்டது. அதை நடத்தியவர் கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி. மேற்கே மலபார்ப் பக்கத்திலிருந்து 6,000 பேருக்கு மேல் கொண்ட பம்பாய்ப் படை ஏறி வந்தது.

மார்ச் 27-ந் தேதி மளவள்ளியில் சண்டை நடந்தது. திப்புவின் படை பின்வாங்கியது. ஏப்ரல் 5-ந் தேதி ஹாரிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எதிரே கூடாரம் அடித்தார்.

இங்கேதான் அவர் பயந்தது நடந்தது. வண்டி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அரிசி குறைந்துகொண்டே வந்தது. சிப்பாய்களின் படி குறைக்கப்பட்டது. ஜூன் பிறந்து குடகில் மழை பெய்தால் காவிரி பெருகிவிடும். பிறகு தீவைத் தொட முடியாது. மே மாதத் தொடக்கத்தில் சிப்பாய்கள் பட்டினியின் விளிம்பில் நின்றார்கள். கோட்டை விழாவிட்டால் படை அழியும் என்பது ஹாரிசுக்குத் தெரிந்திருந்தது.

பீரங்கிகள் கோட்டையின் வடமேற்கு மூலையில் சுவரை உடைத்தன. மே 4-ந் தேதி, உச்சி வெயில் சாய்கிற நேரம். சுமார் 4,400 பேர் பாறைகள் துருத்திக்கொண்டிருந்த ஆற்றில் இறங்கி ஓடினார்கள். முன்னால் போனவர் பெயர்டு. முன்பு மூன்றரை ஆண்டுக்கு மேல் இதே ஊரில் கைதியாக இருந்தவர். சில நிமிடங்களில் உடைப்பின் மீது கொடி ஏறிவிட்டது. ஹாரிசின் மூத்த மகன் வில்லியமும் உள்ளே புகுந்தவர்களில் ஒருவன். அவனுக்கு வயது பதினேழுதான்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. திப்பு சுல்தானின் உடல் பிணக்குவியலுக்கு நடுவே கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் அவர் தந்தை ஐதர் அலியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பங்கு பிரித்த கதை

அந்தக் காலத்து யுத்த வழக்கப்படி, பிடிபட்ட கோட்டையின் செல்வம் படைக்குச் சொந்தம். பொன், வெள்ளி, நவரத்தினம், சிம்மாசனத்துத் தங்கத் தகடு எல்லாவற்றையும் மதிப்புப் போட்டார்கள். மொத்தம் 11,43,216 பவுன் என்று கணக்கு வந்தது.

இதில் எட்டில் ஒரு பங்கைத் தளபதி ஹாரிஸ் எடுத்துக்கொண்டார். அது 1,42,902 பவுன். ஓட்டைப் பதவியை விற்றுவிடலாமா என்று யோசித்த மனிதர் ஒரே நாளில் பெரும் செல்வர் ஆனார். சாதாரணச் சிப்பாயின் பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில பவுன்கள்.

கம்பெனியாருக்கே இது பொறுக்கவில்லை. தளபதிக்குப் பதினாறில் ஒரு பங்குதான் உண்டு, பாதியைத் திருப்பிக் கொடு என்று வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, முடிவில் ஹாரிசுக்குச் சாதகமாயிற்று.

வெற்றிக்காகக் கம்பெனி ஒரு பதக்கமும் அடித்தது. ஒரு பக்கத்தில் சிங்கம் புலியை அடக்குகிறது. மறு பக்கத்தில் கோட்டைத் தாக்குதல். பெரிய தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த படிகளுக்கு வெள்ளி, வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அந்த ஈயம்தான்.

பதினாறு ஆண்டுக் காத்திருப்பு

ஹாரிஸ் 1801-ல் கென்டில் பெல்மான்ட் என்ற மாளிகையை வாங்கினார். பணம் வந்துவிட்டது, ஆனால் கௌரவம் வரவில்லை. அயர்லாந்துப் பிரபுப் பட்டம் தருவதாகச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். அயர்லாந்துப் பட்டம் இங்கிலாந்துப் பட்டத்துக்கு ஒரு படி கீழே என்பது அவர்கள் கணக்கு.

வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்ற சூடு ஆறுவதற்குள், 1815 ஆகஸ்டு 11-ந் தேதி ஹாரிசுக்குப் பட்டம் வந்தது. வாட்டர்லூவில் அவர் மகன் வில்லியமும் ஒரு படைக்குத் தலைமை தாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் மைசூருக்கும், கென்டில் உள்ள பெல்மான்டுக்கும் உரிய ஹாரிஸ் பிரபு என்பது பட்டத்தின் முழுப் பெயர். குடும்பச் சின்னத்தின் உச்சியில் மார்பில் அம்பு தைத்த புலி ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அது யாரைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

1829 மே 19-ந் தேதி ஹாரிஸ் பெல்மான்டில் காலமானார். வயது 83.

யாருக்குப் போகும்?

சீமைப் பட்டம் நம் ஊர்ச் சொத்தைப் போல அல்ல. அதைப் பங்கு போட முடியாது, விற்க முடியாது, உயில் எழுத முடியாது. ராஜா கொடுக்கிற பட்டயத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படித்தான் போகும். வழக்கமாக எழுதுவது இதுதான்: முதலில் பெற்றவரின் சொந்த ரத்தத்தில், முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வழி. மூத்த மகன், அவன் மகன், அந்தக் கிளை அற்றுப்போனால் அடுத்த தாயாதிக் கிளை. பெண்ணுக்குக் கிடையாது. தத்துப்பிள்ளைக்கும் கிடையாது. ஆண் வாரிசு ஒருவரும் இல்லையென்றால் பட்டம் அன்றோடு செத்துவிடும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பேரில் வாங்கிய மற்ற இரண்டு பட்டங்களுக்கு அதுதான் நடந்தது. காரன்வாலிசின் மகனுக்குப் பெண்கள்தான் பிறந்தார்கள். 1823-ல் அவர் இறந்ததும் மார்க்விஸ் பட்டம் ஒழிந்தது. வெல்லெஸ்லிக்கு 1799 டிசம்பரில் மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. அயர்லாந்துப் பட்டம் என்பதால் அவர் மனம் கசந்தார். அவருடைய குழந்தைகள் எல்லோரும் திருமணத்துக்கு முன்பே பிறந்தவர்கள். சட்டப்படி வாரிசு இல்லை. 1842-ல் அவரோடு அந்தப் பட்டமும் போயிற்று.

பாதிரியார் மகனின் பட்டம் மட்டும் நிலைத்தது.

சென்னைக்கு வந்த பேரன்

முதல் பிரபுவுக்குப் பின் மகன் வில்லியம் இரண்டாவது பிரபு ஆனார். 1845-ல் அவர் இறந்ததும் அவர் மகன் மூன்றாவது பிரபு. இவர் டிரினிடாட் தீவுக்குக் கவர்னராகப் போனார். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூலிகளைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றத் தொடங்கியிருந்த காலம் அது. பிறகு 1854 முதல் 1859 வரை அவர் சென்னைக் கவர்னர்.

தென்னிந்தியாவின் முதல் ரெயில் பாதையை, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, 1856-ல் திறந்துவைத்தவர் இந்த ஹாரிஸ் பிரபுதான். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். கூவத்தின் மேல் உள்ள ஹாரிஸ் பாலம் அவர் பெயரில் அமைந்தது. ஹாரிஸ் ரோடு இப்போது ஆதித்தனார் சாலை. பாட்டன் வேலூரிலிருந்து மாட்டு வண்டியோடு புறப்பட்டார். பேரன் வேலூர்ச் சீமைக்கு ரெயில் விட்டார். நான் சம்பளம் வாங்குகிற தொழிலின் ஆரம்பமும் இந்தக் குடும்பக் கதைக்குள் வருகிறது என்பதை அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

நான்காவது பிரபு டிரினிடாடில் பிறந்தவர். இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் கேப்டன். 1890 முதல் 1895 வரை பம்பாய்க் கவர்னர். பம்பாய்ப் பள்ளிக்கூடங்கள் மோதுகிற ஹாரிஸ் கேடயம் இவர் பெயரில்தான். 1988-ல் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் குவித்தது அந்தப் போட்டியில்.

ஐந்தாவது பிரபு பழைய கடிகாரங்களைச் சேர்த்தார். பெல்மான்ட் மாளிகை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது. கடிகாரங்களைப் பார்க்க மக்கள் சீட்டு வாங்கிப் போகிறார்கள். 1995-ல் ஆறாவது பிரபு ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது பட்டம் தாயாதிக் கிளைக்குப் போனது. வீடு ஒரு பக்கம், பட்டம் ஒரு பக்கம்.

1999-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் செய்தது. பரம்பரைப் பிரபு என்பதற்காகவே மேல்சபையில் உட்காரும் உரிமை பறிக்கப்பட்டது. 92 பேருக்கு மட்டும் அப்போது விலக்கு. அந்த 92 பேரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பிரபு இல்லை. கோட்டை விழுந்து சரியாக 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தோற்றவரின் வாரிசுகள்

திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் 1799-லேயே வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹாரிஸ் புறப்பட்ட அதே வேலூர். 1806 ஜூலை 10-ந் தேதி அந்தக் கோட்டையில் இருந்த சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தலைப்பாகையை மாற்று, குறியை அழி, தாடியை மழி என்ற உத்தரவுகள் அவர்களைப் புண்படுத்தியிருந்தன. எழுந்தவர்கள் கோட்டையில் ஏற்றியது மைசூர்ப் புலிக்கொடி. ஏழு ஆண்டுக்கு முன் எந்தப் படை அந்தக் கொடியை இறக்கியதோ, அதே சென்னைப் படையின் சிப்பாய்கள்!

கிளர்ச்சி ஒரே நாளில் ரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது. சுல்தானின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பிள்ளைகளில் குலாம் முகமது அங்கே மசூதி கட்டினார், செல்வாக்கோடு 1872 வரை வாழ்ந்தார். பின்வந்த தலைமுறைகளில் சொத்து கரைந்தது. சுல்தான் வம்சத்தில் சிலர் கல்கத்தாத் தெருக்களில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்ததுண்டு.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது வெயில் தணிந்திருந்தது. மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்த ஈயப் பதக்கம் வாங்கின சிப்பாய்களின் வாரிசு யார் என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சென்னைப் படையின் சிப்பாய்கள் தமிழ், தெலுங்குச் சீமைகளில் சேர்க்கப்பட்டவர்கள். அரைப்பட்டினியோடு இந்த ஆற்றில் இறங்கியவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். சம்பளத்துக்காக ஊரைவிட்டு வந்தவர்கள், நம்மைப் போல. அவர்கள் பெயரில் பட்டயம் இல்லை. மூத்த மகன் யார், தாயாதி யார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு, நம் வீட்டிலும் ஒருவர் இருந்திருக்கலாம் என்று மாமா சொன்னார். பிறகு எழுந்து படித்துறைக்குப் போய், காவிரித் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டார். ஆறரை மணி வண்டிக்கு நாங்கள் நிலையத்துக்கு நடந்தோம்.